பல்லில் தொடங்கித் தண்டுவடம் வரை

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டியைச் சுற்றியுள்ள பாறைகளைப் பார்க்க நிலவியலாளர்கள் தேடி வருவார்கள். சையனைட், கார்பனடைட் என்று அபூர்வமான, மிகப் பழைய பாறைகள். ஊர்க்காரர்களுக்கோ கவலை வேறு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பாறைக் கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. பாறை இடுக்கில் நெடுநாள் தங்கும் நீரில் அது கரைந்து, போர் தண்ணீரோடு குடத்துக்கு வந்துவிடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிய கிணறுகள் இங்கே பல.

வீட்டில் எல்லோரும் குடிப்பது ஒரே குடத்துத் தண்ணீர்தான். ஆனால் அது ஒவ்வொரு வயதிலும் ஒவ்வோர் இடத்தைத் தாக்குகிறது. பேரனுக்கு எட்டு வயதுக்குள் எனாமல் உருவாகும்போது பல்லில் பழுப்புக் கறை விழும். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பாட்டிக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும். அவருக்குக் கெடுதல் எலும்புக்குள் சேர்கிறது.

1937-இல் ஹென்றி ஷார்ட்டும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இதைப் பதிவு செய்தார்கள். பிறந்தது முதல் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு முப்பதை ஒட்டி மரமரப்பும் இடுப்புப் பிடிப்பும் வந்தன. நாற்பதைத் தாண்டியதும் முதுகு ஒரே கட்டையாக இறுகியது. முதுகெலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நார்களே எலும்பாகிவிட்டன. கழுத்தில் தண்டுவடம் போகும் குழாயின் முன்பின் விட்டம் சுமார் 17 மில்லிமீட்டர்தான். அது 13-க்குக் கீழே சுருங்கினால் தண்டுவடத்துக்கு இடம் போதாமல் போகலாம். வயதால் தேயும் எலும்பிடை வட்டும் தடிக்கும் நாரும் அந்தக் குறுகலை இன்னும் நெருக்கும்.

இந்த நிலையில் அறுபது வயதுக்காரர் குளியலறையில் வழுக்கி, முகவாய் இடிபட்டு, கழுத்து பின்னால் மடங்கினாலே போதும். எலும்பு முறியாமலே தண்டுவடத்தின் நடுப்பகுதி நசுங்கிவிடும். கால் ஓரளவு நடக்கும், கை தூக்க வராது. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஷ்னைடர் 1954-இல் விவரித்த நிலை இது. இருபத்தைந்து வயது இளைஞருக்கு இதே அளவு சேதம் வர, பெரும்பாலும் பைக் விபத்தோ மரத்திலிருந்து விழுவதோ வேண்டும். குழந்தைகளின் கதை தனி. அடிபடும்போது அவர்களுடைய முதுகெலும்பு ரப்பர்போல் இழுபடும், உள்ளேயுள்ள தண்டுவடம் அவ்வளவு இழுபடாது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் கால் செயலிழக்கலாம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. பிள்ளைகளின் பல்லுக்கு அது பெரிய விடிவு. ஆனால் எலும்பில் சேர்ந்த ஃபுளோரைடு வெளியேற ஆண்டுக்கணக்காகும். இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் அதற்கு முந்தைய போர் தண்ணீரில் வளர்ந்தவர்கள். அவர்கள் கழுத்துப் பிடிப்பு என்றால், "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் தைலத்தை எடுத்து நீட்டுகிறோம். எனக்கு ஆற்றாமை இங்கேதான். நெருக்கப்பட்ட தண்டுவடத்தை உரிய நேரத்தில் அறுவைச் சிகிச்சையால் விடுவித்தால் மேலும் கெடாமல் தடுக்க வாய்ப்புண்டு. பல ஆண்டு நசுங்கிய நரம்பு திரும்புவது கடினம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா, செருப்பு கழன்றதே தெரியாமல் நடக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியென்றால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.