பயண மருந்துப் பெட்டி: எதை எடுப்பது, எதை விடுவது?

குடும்பத்தோடு நாலைந்து நாள் வெளியூர் கிளம்புகிறீர்கள். "போகிற இடத்தில் மருந்துக்கடை இல்லாமலா போகும்?" என்று தோன்றும். பகலில், ஊருக்குள் என்றால் இருக்கும். ஓடுகிற ரயிலில் இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால் எந்தக் கடைக்குப் போவீர்கள்? மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை உள்ள அந்த நேரத்துக்குத்தான் மருந்துப் பெட்டி. மருத்துவரின் வேலையையும் அதுவே பார்த்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கடையில் விற்கும் பெட்டி போதாதா? சின்னக் காயத்துக்குப் போதும். ஆனால் அதில் உங்கள் அப்பாவின் பிரஷர் மாத்திரை இருக்காது. காரோடு வந்த பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பல வருடம் வெயிலில் வெந்து, பிளாஸ்திரியில் பசையே இருக்காது. களிம்பின் தேதி எப்போதோ முடிந்திருக்கும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? வருகிற ஆட்களிடமிருந்து. தினமும் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். பயண நாட்களுக்கு மேல் மூன்று நாளைக்குக் கூடுதலாக எடுங்கள். ரயிலோ பஸ்ஸோ ரத்தானால் கைகொடுக்கும்.

மாத்திரைகளை அட்டையோடு எடுங்கள். இடம் மிச்சம் பிடிக்க அட்டையை வெட்டினால், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டிய பக்கத்தோடு போய்விடும். அறிமுகமில்லாத ஊரில் மருத்துவரிடம் "காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வைத்திருங்கள். எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள்.

சர்க்கரை நோயாளி கூட வருகிறாரா? பயணத்தில் சாப்பாடு தள்ளிப்போகும், மாத்திரை மட்டும் நேரத்துக்கு உள்ளே போய்விடும். வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். இன்சுலினைக் குளிர்ச்சியாக வையுங்கள். ஐஸ்கட்டி மேல் நேரடியாக வைத்தால் உறைந்து வீணாகிவிடும்.

குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எடுக்கும்போதுதான் அதிக கவனம் வேண்டும். பாரசிட்டமால் சிரப் ஒரே அளவில் வருவதில்லை. ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். "டாக்டர் 5 மில்லி கொடுக்கச் சொன்னார்" என்பது மட்டும் நினைவிருந்து, போன ஊரில் வேறு பாட்டில் வாங்கினால் அளவு இரண்டு மடங்காகிவிடும். ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரைதான் கொடுக்கலாம். 12 கிலோ குழந்தை என்றால் 180 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதனால் வீட்டில் பழகிய பாட்டிலையே, அதன் அளவு மூடியோடு எடுத்துப் போங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே குறைந்தது நாலு மணி நேரம் விடுங்கள். ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

வயிற்றுப்போக்குக்கு என்ன? ஓ.ஆர்.எஸ். பொடி (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கலவை). இதில் மட்டும் தாராளமாக நாலைந்து பாக்கெட் எடுங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. எது எதற்கு என்று உறையிலேயே போட்டிருக்கும். பெரிய பாக்கெட்டை ஒரு தம்ளர் நீரில் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. உப்பு கூடிப்போய் குழந்தைக்கு அது ஆபத்து. ஸ்டேஷனில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலாகப் பார்த்து வாங்கினால் அதிலேயே கலக்கிவிடலாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீந்ததைக் கொட்டிவிடுங்கள். பொடி இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி.

போக்கை நிறுத்தும் மாத்திரை வேண்டாமா? குழந்தைகளுக்குக் கூடாது. ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்திருந்தால் பெரியவர்களுக்கும் கூடாது. போன தடவை மீந்த ஆன்டிபயாட்டிக்கையும் (கிருமிக்கொல்லி மருந்து) வீட்டிலேயே விடுங்கள்.

மலைப்பாதையில் வாந்தி வருமே? கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வந்த பிறகு மாத்திரை போட்டால் வயிற்றில் நிற்காது. ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். இவற்றில் பல தூக்கம் வரவைக்கும் என்பதால் வண்டி ஓட்டுபவர் போடக் கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

காயத்துக்கு: கட்டுத்துணிச் சுருள், சிறு பிளாஸ்திரிகள், ஒட்டும் டேப், பாவிடோன் அயோடின் களிம்பு (புண்ணில் கிருமி சேராமல் தடுப்பது), சுளுக்குக்கு ஒரு கிரேப் பேண்டேஜ் (இழுத்துச் சுற்றும் பட்டை), கத்தரிக்கோல். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் பத்து நிமிடம் அழுத்துங்கள். நடுநடுவே தூக்கிப் பார்க்காதீர்கள். காப்பித்தூள் அப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தையல் போடுபவர் அதைக் கழுவி எடுக்கவே பாடுபட வேண்டும். சுட்டுக்கொண்டால் ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

சோப்பு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சோப்பா என்று கேட்பீர்கள். சுற்றுலா இடங்களிலும் மலைக்கோயில்களிலும் குரங்கு கையிலிருப்பதைப் பிடுங்கும்போது கடிக்கும், பிறாண்டும், நாயும் உண்டு. இரண்டிலுமே வெறிநோய் (ரேபிஸ்) அபாயம் இருக்கிறது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளவே கூடாது. நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

பாம்பு கடித்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த கை காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல் என்றாலும் முதல் வேலை 108-க்குப் போன் செய்வது. வேறு மாநிலத்தில் 112-ஐ அழைக்கலாம். ரயிலில் என்றால் 139, அல்லது டி.டி.ஆரிடம் சொல்லுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? பூட்டிய சூட்கேஸுக்குள் வேண்டாம், டிக்கியிலும் வேண்டாம். நிறுத்திய கார் வெயிலில் அடுப்பாகிவிடும், மருந்து கெடும். கைப்பையில், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விமானம் என்றால் மருந்து உங்கள் கையோடு, கத்தரிக்கோல் மட்டும் பெரிய பெட்டிக்குள். எது எங்கே இருக்கிறது என்று கூட வருபவர்களில் இன்னொருவருக்கும் திறந்து காட்டிவிடுங்கள். மயங்கி விழுவது நீங்களாகவும் இருக்கலாம்.