இரவல் வாகனமும் காப்பீடும்

அவசரத் தேவைக்கு நண்பரின் மோட்டார் சைக்கிளையோ உறவினரின் காரையோ இரவல் வாங்கி ஓட்டுவது நம் நாட்டில் அன்றாட நிகழ்ச்சியாகும். அவ்வாறு ஓட்டும்போது விபத்து நேரிட்டால் இழப்பீடு யாருக்குக் கிடைக்கும்? வாகனத்துக்குக் காப்பீடு உள்ளதால் அனைவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று பலரும் கருதுகின்றனர். இக்கருத்து ஓரளவே சரியானதாகும்.

வாகனத்தைச் சார்ந்த காப்பீடு

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, பொது இடத்தில் ஓடும் எல்லா வாகனங்களுக்கும் மூன்றாம் தரப்பினர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. இக்காப்பீடு வாகனத்தைச் சார்ந்தது, ஓட்டுபவரைச் சார்ந்ததன்று. எனவே, உரிமையாளரின் இசைவுடன் உரிய ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டிச் செல்கையில் பாதசாரி ஒருவர் அடிபட்டால், அவருக்குரிய இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனமே வழங்க வேண்டும். முழுமைக் காப்பீட்டு பாலிசி இருப்பின், வாகனத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு உரிமையாளர் ஈடு பெறலாம். ஆனால், சொந்த உபயோகத்துக்கெனக் காப்பீடு செய்த காரை வாடகைக்கு விடுவது பாலிசியின் நிபந்தனையை மீறுவதாகும்.

உரிமையாளரின் பொறுப்பு

உரிமம் இல்லாதவரிடம் வாகனத்தை ஒப்படைப்பது குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இதற்கு 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அபராதத்துடன் இது முடிவதில்லை. இத்தகைய வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் செலுத்திவிட்டு, பின்னர் அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டில் விளக்கியது. நட்புக்காகச் சாவியைக் கொடுத்தவர், பெருந்தொகைக்குக் கடனாளியாக நேரிடலாம்.

ஓட்டியவரின் நிலை

இரவல் வாங்கி ஓட்டியவரே உயிரிழந்தால் நிலைமை வேறாகிறது. அவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவராகவே கருதப்படுவார். ஆகவே, அந்த வாகனத்தின் காப்பீட்டில் மூன்றாம் தரப்பினராக அவரது குடும்பத்தினர் இழப்பீடு கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் தீர்ப்பளித்தது. பின்னைய வழக்கில், பாலிசியில் கண்ட தனிநபர் விபத்துக் காப்புத் தொகையான 1 லட்சம் ரூபாய் மட்டுமே குடும்பத்துக்குக் கிடைத்தது. விபத்துக்குக் காரணம் மற்றொரு வாகனமாயின், அதன் உரிமையாளர் மீதும் காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடர வழியுண்டு. எதிர் வாகனம் இல்லாத விபத்தில் அவ்வழியும் இல்லை.

2018ஆம் ஆண்டில் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்ட கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பும், வாகனத்தைத் தாமே ஓட்டும் உரிமையாளருக்கு உரியதேயன்றி இரவல் வாங்கியவருக்கு உரியதன்று.

தீர்வு யாது?

இக்குறையை நிரப்ப, ஓட்டுபவர் தம் பெயரிலேயே விபத்துக் காப்பீடு பெற்றிருத்தல் நலம். அக்காப்பீடு, அவர் எவருடைய வாகனத்தை ஓட்டினாலும் அவரைத் தொடர்ந்து வரும். 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கி, அஞ்சலகக் கணக்குதாரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரலாம். விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் வழங்கப்படும்.

சாவியைக் கொடுப்பவர் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பதும், வாங்குபவர் பாலிசி நடப்பில் உள்ளதா என உறுதி செய்துகொள்வதும் அவநம்பிக்கையின் அடையாளங்கள் அல்ல. இரு குடும்பங்களையும் காக்கும் முன்னெச்சரிக்கைகளே அவை.