பிர்ச் விதையை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, ஏன்?

ஸ்காட்லாந்தின் வெள்ளிப் பிர்ச் மரத்தின் விதை கடுகைவிட லேசானது. இருபுறமும் மெல்லிய சிறகு. காற்றில் நெடுந்தூரம் பறக்க அந்த லேசான எடைதான் துணை. ஆனால் விதைக்குள் சேமித்த உணவு மிகக் குறைவு. ஆழத்தில் புதைத்தால், முளை மேலே வருமுன் அது தீர்ந்துவிடும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும்.

இலையுதிர் காலத்தில் பழுப்பேறிய விதைக்கதிரை உதிர்த்து, விதையை ஈரமணலோடு கலந்து ஃப்ரிட்ஜில் சில வாரம் வையுங்கள். அந்தக் குளிர்தான் விதையின் உறக்கத்தைக் கலைக்கிறது. வசந்தத்தில் ஈரமண்ணின் மேல் தூவி, லேசாக அழுத்தினால் போதும்.

வெட்டவெளியில் முதலில் காலூன்றும் மரங்களில் ஒன்று பிர்ச். அதன் அடர்த்தியற்ற கிளைகள் வெயிலை வடிகட்டிக் கீழே அனுப்புவதால் பூச்செடிகளும் தழைக்கின்றன. உதிரும் இலை மண்ணை வளப்படுத்துகிறது. பிரிட்டனில் 300-க்கும் மேற்பட்ட பூச்சியினங்களுக்கு பிர்ச் மரம் உணவு தருகிறது. ஆகவே, தானாக முளைத்த பிர்ச் கன்றைக் களையென்று பிடுங்காதீர்கள்.