நாடாவுக்குப் பக்கத்தில் மூன்று புத்தகங்கள்

நாகல் நகரில் எங்கள் வீட்டுத் தறி நின்று பல வருஷமாகிறது. அப்பாவின் நாடா மட்டும் அலமாரியில், புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த மாதம் எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ' படித்தேன். கும்பகோணத்து சௌராஷ்டிர நெசவாளர்களின் கதை. எங்கள் வீட்டுக் கடனும் கவலையும் அச்சில் வந்ததுபோல் இருந்தது. எழுந்துபோய் நாடாவைத் துடைத்து வைத்தேன்.

அடுத்து இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். தீக்காயப் பிரிவு வாசலில் தவிக்கும் பெற்றோரைப் படித்த இரவு தூக்கமே வரவில்லை.

மனசை ஆற்றியது உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கியது. ஏட்டுச்சுவடிக்காக ஊர் ஊராக அலைந்தவர் அவர். நூலகம் வரை நடக்க நமக்கென்ன சிரமம்?

உங்கள் தொழிலைச் சொல்லும் நாவல் ஒன்றையாவது தேடிப் படியுங்கள்.