கரை சேர்ந்த பிறகு வந்த பேய்கள்

லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து தெற்கே இறங்கும் 710-ஆம் நெடுஞ்சாலை லாங் பீச் துறைமுகத்தில் முடிகிற இடத்தில், மூன்று பெரிய புகைபோக்கிகளோடு நிற்கிறது குயின் மேரி. 310 மீட்டர் நீளமுள்ள கப்பல்; இப்போது ஓட்டல். கலிஃபோர்னியாவின் கடலோரச் சாலையில் காரில் வருகிறவர்களில் சிலர் ஓர் இரவு இங்கே அறை எடுப்பது தூங்குவதற்காக அல்ல, தூக்கம் கெடுவதற்காக. பி340 என்ற அறைக்குத்தான் மவுசு அதிகம். குழாய் தானாகத் திறந்துகொள்ளும், போர்வையை யாரோ இழுப்பார்கள் என்பதெல்லாம் அதன் புகழ். இந்தப் பேய்கள் கப்பலோடு கடலில் வந்தவை அல்ல, அது கரையில் கட்டி நிறுத்தப்பட்ட பிறகு வந்து சேர்ந்தவை என்பது என் கட்சி. அவை வந்ததில் ஒரு நட்டமும் உண்டு. இந்தக் கப்பலால் நேர்ந்த உண்மையான சாவுகள் பின்னுக்குப் போய்விட்டன.

ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் 1930 இறுதியில் கட்டத் தொடங்கி, பொருளாதார மந்தத்தால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெறும் எலும்புக்கூடாகக் கிடந்து, 1934 செப்டம்பரில்தான் நீரில் இறங்கியது குயின் மேரி. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி பெயரை வைத்தார்கள். (சென்னை மெரினாவில் இருக்கும் ராணி மேரிக் கல்லூரிக்குப் பெயர் தந்ததும் அதே அம்மாள்தான்.) 1936 மே மாதம் முதல் பயணம். 1967 வரை அட்லாண்டிக்கை ஆயிரம் தடவைக்கு மேல் கடந்தது. அந்த 31 ஆண்டுகளில் ஊர் பேசியது அதன் வேகத்தை, மரவேலைப்பாட்டை, புயலில் அது போட்ட ஆட்டத்தை. போர்க்காலத்தில் ‘சாம்பல் பேய்’ என்று பட்டப்பெயர் வந்ததுகூட, பூசிய சாம்பல் நிறத்துக்காகவும் கண்ணில் படாமல் பறந்ததற்காகவும்தான். ஆவி நடமாடும் கப்பல் என்ற பெயர் அதற்கு அப்போது இல்லை. ஜெட் விமானங்கள் பயணிகளைப் பறித்துக்கொண்டதும் லாங் பீச் நகராட்சி 34.5 லட்சம் டாலருக்கு வாங்கியது; 1967 டிசம்பரில் வந்து சேர்ந்தது; கொதிகலன்களை வெட்டி எடுத்தார்கள்; 1972-இல் ஓட்டல் திறந்தது. ஓடுகிற கப்பலில் டிக்கெட் வாங்குகிறவர் ஊர் போய்ச் சேர வாங்குகிறார். நின்றுவிட்ட கப்பலுக்கு விற்க வேறு சரக்கு வேண்டியிருந்தது. 1988 முதல் 1992 வரை நடத்திய டிஸ்னி உட்பட நடத்துநர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். பேய்ச் சுற்றுலாக்களும் ஹாலோவீன் கொண்டாட்டங்களும் நிலைத்துவிட்டன. பி340-ஐப் புதுப்பித்து மறுபடி வாடகைக்கு விடத் தேர்ந்தெடுத்த நாள் 2018 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. பதின்மூன்றாம் தேதி வெள்ளியில் வந்தால் ஆகாது என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. பேய் தேதி பார்த்து வரவில்லை. ஓட்டல் பார்த்து வைத்தது.

கதைகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தாலும் இதே கதிதான். நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்த சிறுமி ஒருத்தி இன்னும் அம்மாவைத் தேடுகிறாள் என்கிறார்கள். அப்படி ஒரு குழந்தை இறந்ததற்குப் பதிவேட்டில் சான்று இல்லை. பி340-இல் நடந்ததாகச் சொல்லப்படும் கொலை, சொல்லும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. உறுதியான ஆதாரம் உள்ளதும் ஒன்று உண்டு. 1966 ஜூலையில் கப்பலின் அடித்தளத்தில், நீர் புகாமல் அடைக்கும் கதவில் சிக்கி 18 வயது ஊழியர் ஒருவர் நசுங்கி இறந்தார். அந்தக் கதவின் எண் 13. வேறு எண்ணாக இருந்திருந்தால் அந்தப் பையனின் பெயர் இத்தனை ஆண்டு சுற்றுலாப் பயணிகளின் வாயில் அரைபட்டிருக்குமா என்பது சந்தேகமே.

அங்கே தங்கியவர்கள் எல்லாம் பொய்யா சொல்கிறார்கள் என்று கேட்கலாம். இல்லை, பெரும்பாலோர் பட்டதைத்தான் சொல்கிறார்கள். 1997-இல் லாங்கே, ஹூரன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பழைய நாடக அரங்கத்துக்குள் இரண்டு குழுக்களை அனுப்பினார்கள். ஒரு குழுவிடம் இங்கே பேய் உண்டு என்றும், இன்னொரு குழுவிடம் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது என்றும் சொல்லி வைத்தார்கள். இடம் ஒன்றே, பேய் என்று கேட்டுப் போனவர்களுக்குத்தான் விசித்திர அனுபவங்கள் கூடுதலாக வந்தன. தூக்கத்தைப் பற்றிய செய்தி இன்னும் பொருத்தமானது. புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி முழுதாக உறங்குவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வு 2016-இல் காட்டியது. அப்படி அரைவிழிப்பில் கிடப்பவரைச் சுற்றி, பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் பல்லாயிரம் டன் இரும்பும், தொண்ணூறு வயதை எட்டிய ஒரு கப்பலின் குழாய்களும் இருக்கின்றன. சத்தம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதைவிட வலுவான மறுப்பு பணத்தைப் பற்றியது. பேய்தான் கப்பலுக்குச் சோறு போடுகிறது, அதை விரட்டினால் கப்பல் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும் என்கிறார்கள். பாதி உண்மை. ஓட்டல் வருமானத்தில் பேய்க்கும் பங்கு உண்டு. ஆனால் பேய்ச் சுற்றுலா பல ஆண்டுகள் ஓடிய பிறகும், 2017-இல் ஆய்வு செய்தவர்கள் பழுதுபார்க்க 28.9 கோடி டாலர் வரை ஆகும் என்றார்கள். 2020-இல் கொரோனாவால் மூடல், நடத்திய நிறுவனம் திவால், 2021-இல் கப்பல் மறுபடி நகராட்சி கையில். அடித்தளத் தண்ணீரை இறைக்கும் பம்பு, அவசர ஜெனரேட்டர் போன்ற வேலைகளை நகராட்சி செய்த பிறகே 2023-இல் மீண்டும் திறந்தது. பேயை நம்பி இருந்த காலத்தில் துரு நிற்கவில்லை. தெற்கே சான் டியேகோவில் நிற்கும் மிட்வே போர்க்கப்பல் வேறு மாதிரி பிழைக்கிறது. அங்கே முன்னாள் படைவீரர்கள் பலர் சம்பளம் இல்லாமல் வழிகாட்டிகளாக நின்று கதை சொல்கிறார்கள், கூட்டம் குறைவதில்லை. அது ஓட்டல் அல்ல, விமானங்களும் உண்டு, ஆகவே ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, சாவு நடந்த கப்பல்தானே, கதை வரத்தானே செய்யும் என்பவர்களுக்கு. நடந்தது, ஆனால் பெருஞ்சாவு நடந்தது கப்பலுக்குள் அல்ல. 1942 அக்டோபர் 2 அன்று, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களோடு அயர்லாந்துக்கு வடக்கே வந்துகொண்டிருந்தது குயின் மேரி. ஜெர்மன் நீர்மூழ்கிகள் குறிவைக்க முடியாதபடி வளைந்து வளைந்து ஓடியது. காவலுக்கு வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் குராசோவும் பக்கத்திலேயே ஓடியது. இரண்டும் மற்றதுதான் விலகும் என்று நினைத்தன. குயின் மேரியின் முன்முனையான அணியம் குராசோவை இரண்டாகப் பிளந்துகொண்டு போயிற்று. எந்த நிலையிலும் நிற்கக் கூடாது என்பது உத்தரவு; கேப்டன் இல்லிங்வொர்த் நிற்கவில்லை. தண்ணீரில் கிடந்தவர்களைப் பின்னால் வந்த மற்றக் காவல் கப்பல்கள் தேடின. சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். 330 பேருக்கு மேல் இறந்தார்கள். போர் முடியும்வரை செய்தி வெளியே வரவில்லை. அணியப் பகுதியில் அலறல் கேட்கிறது என்று இதற்கும் ஒரு பேய்க்கதை உண்டு. நிற்காமல் போனது சரியா, விலகியிருக்க வேண்டியது யார் என்பதை அந்தக் கதை தொடுவதில்லை. நீதிமன்றம் தொட்டது. முதலில் பழி முழுவதும் குராசோவின் மீது விழுந்தது, மேல்முறையீட்டில் மாறியது, 1949-இல் பிரபுக்கள் சபை, மூன்றில் இரண்டு பங்கு தவறு கடற்படையுடையது, ஒரு பங்கு குனார்டு நிறுவனத்தின் குயின் மேரியுடையது என்று முடித்து வைத்தது.