பாண்டியன் கிண்ணமும் கம்பம் பன்னீரும்

மதுரைக்கு ஒயின் நேற்று வந்ததல்ல. பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்திய யவனர் தேறலைப் புறநானூற்றில் (பாடல் 56) நக்கீரர் பாடியிருக்கிறார். என்ன, அது கப்பலில் வந்த சரக்கு!

நம் மண்ணின் பழம் மதுரைக்கு மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் போனால் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை தொங்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம். வெளிநாட்டார் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முன்பே கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரை, பட்டை, கிராம்பு சேர்த்துப் பீங்கான் பரணியில் மூடி வைப்பார்கள். பன்னீர் திராட்சையின் சதையில் நிறம் கிடையாது. சிவப்பு முழுக்கத் தோலிலிருந்து இறங்குவது. அதனால் தோலோடுதான் நுரைத்துப் புளிக்க வேண்டும். இப்படிச் செய்த ஒயினில் முதலில் இனிப்பு, பிறகு கிராம்பின் காரம், கடைசியில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புக்குத் தோலும் விதையும்தான் காரணம். மூக்கிலோ பெயருக்கேற்ற ரோஜா வாசம்.

பறித்த பழம் சில நாள்தான் தாங்கும். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் கொடியிலேயே வெடித்துவிடும். அப்போது வியாபாரி சொன்னதுதான் விலை. ஒயினாக்கினால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு பாட்டில்கூட வடிக்க முடியாது. சின்னத் தோட்டக்காரர் அதற்கு எங்கே போவார்? பழத்தைப் பெட்டியில் அடுக்கி, லாரிக்குக் காத்திருக்கிறார்.