ஆப்கான் ஹவுண்ட்: முடிக்குள்ள ஒரு வேட்டை நாய்

ஆப்கான் ஹவுண்ட் போட்டோவைப் பார்த்ததும் எல்லாரும் கேக்கிறது ஷாம்பு பத்திதான். முடி வேலை நிறையவே இருக்கு. காய்ஞ்ச முடியைச் சீவினா உடையும், லேசா ஈரமாக்கிட்டுத்தான் சீவணும். ஆனா அந்த முடி ஆப்கானிஸ்தான் மலைக் குளிருக்கானது. உள்ளே இருக்கிறது, கண்ணால பார்த்துத் துரத்துற வேட்டை நாய். பூனை ஓடினா இதுவும் பறந்துடும், நீங்க கூப்பிடுறது காதுலயே விழாது. 1994-ல வந்த புத்தகத்துல ஸ்டான்லி கோரன் கீழ்ப்படிதல்ல இதுக்குக் கடைசி இடம் கொடுத்தார். எனக்கு அது அநியாயமா படுது: எஜமானுக்கு முன்னால, தானா முடிவெடுத்து ஓடின இனம் இது! வேலி இல்லாத இடத்துல லீஷைக் கழட்டாதீங்க. அப்புறம், ஆபரேஷன்னா வெட்கிட்ட இனத்தை முதல்லயே சொல்லிடுங்க. உடம்புல கொழுப்பு கம்மி. தயோபென்டால் மாதிரி மயக்க மருந்து கொடுத்தா தெளிய ரொம்ப நேரமாகும்.